விசுவாசம் யாருக்கு? – ரோல்கீனின் மோதிர நாவலும் அதன் திரை வடிவமும்

நூலொன்று திரைப்படமாகும்போது எழும் சர்ச்சைகளுள் மிக நீண்டதும், என் அபிப்பிராயத்தில் மிகவும் பயன் குன்றியதும், ஜே. ஆர். ஆர். ரோல்கீனின் ‘த லோட் ஒவ் த றிங்ஸ்’ என்னும் நாவலைச் சுற்றி நிகழ்ந்துவரும் சர்ச்சையேயாகும். 1954, 1955 ஆகிய ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளிவந்த இந்நாவலை (வசதி கருதி இதனை மோதிர நாவல் என்றே இனிக் குறிப்பிடுவேன்) நியூசிலாந்து நெறியாளர் பீற்றர் ஜாக்சன் 2001, 2002, 2003 ஆகிய ஆண்டுகளில் மூன்று படங்களாக வெளியிட்டார். மூன்றாவது படம், தான் முன்மொழியப்பட்ட பதினொரு பிரிவுகளிலும் ஒஸ்கார் விருதைப் பெற்றது. அன்று தொடங்கிய வழக்கு இற்றைவரை தீர்ந்தபாடில்லை. படம் நூலுக்கு விசுவாசமானதா, அன்றா என்பதே வழக்கு.

வாதிகள் இரு அணியினர். முதலணியினரை நூற்பற்றாளர் எனலாம். இவர்கள் கையில் ஒரு பட்டியல் உண்டு. ரொம் பொம்படில் என்னும் வனவாசியைப் படத்திற் காணவில்லை. ஆற்றுத் துறையிலே காயமுற்ற புறொடோவைக் காக்க வரும் கிளோர்பின்டெலின் இடத்தை ஆர்வென் என்னும் இளவரசிக்குக் கொடுத்துவிட்டார்கள். ஹெல்ம்ஸ் டீப் கோட்டைப் போருக்கு எல்வ் இனத்துப் படை வந்ததாக நூலில் எங்குமே இல்லை. பட்டியல் இவ்வாறு நீளும். இரண்டாமணியினர் திரைப்பற்றாளர். இவர்களிடம் பட்டியல் இல்லை, ஒரே ஒரு மந்திரம் உண்டு: “திரைப்படம் வேறோர் ஊடகம்.” எந்த வினாவை எழுப்பினும் இம்மந்திரமே விடையாக வரும். எல்லாவற்றையும் விளக்கும் ஒரு விடை எதனையும் விளக்குவதில்லை என்பது இவர்களுக்கு உறைப்பதில்லை. ஊடகம் வேறாதலால் மாற்றம் தவிர்க்கவியலாதது என்பது மெய்யே. ஆயின், மாற்றம் ஏன் இந்தத் திசையில் நிகழ்ந்தது, வேறு திசையில் ஏன் நிகழவில்லை என்பதற்கு ஊடகம் ஒருநாளும் பதில் சொல்லாது. அப்பதிலை மனிதர்தான் சொல்லவேண்டும். அதிலும் முதலிட்ட மனிதர்.

‘விசுவாசம்’ என்ற சொல்லையே சற்று நிறுத்திப் பார்த்தல் நன்று. எசமானுக்கு ஊழியன் காட்டுவது விசுவாசம். இச்சொல்லை விமரிசனத்துக்குள் கொண்டுவருபவர் நூலை எசமானாகவும் படத்தை ஊழியனாகவும் முதலிலேயே தீர்மானித்துவிடுகின்றனர். எம்முடைய இலக்கிய மரபு இவ்வளவு குறுகிய நோக்குடையதன்று. தொல்காப்பியர் வழிநூலை நால்வகைப்படுத்தி, தொகுத்தலையும் விரித்தலையும் அதற்குரிய இயல்பாகவே ஏற்றுக்கொண்டார். வான்மீகியில் இராவணன் சீதையைத் தீண்டித் தூக்கிச் செல்கிறான். கம்பனிலோ அவளிருந்த நிலத்தையே பெயர்த்தெடுத்துச் செல்கிறான். கம்பன் மூலநூலுக்குத் துரோகம் இழைத்தான் என்று எவரேனும் வழக்குத் தொடுத்ததுண்டா? இம்மாற்றத்தை ஆராய்ந்தோர் கேட்ட வினா வேறு. எத்தகைய சமூகத்தின் எத்தகைய கற்புக் கோட்பாடு இம்மாற்றத்தை வேண்டி நின்றது என்பதே அது. மாற்றத்தை எண்ணுவதினின்றும் மாற்றத்தின் பயனை விசாரிப்பதற்கு நகர்வதே விமரிசனம். இந்த வினாவை ஜாக்சனின் படங்களிடம் இரு அணியினரும் கேட்கவில்லை என்பதே என் குற்றச்சாட்டு.

ரோல்கீனே பட்டியல்வாதியாக இருக்கவில்லை என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. 1957இல் அமெரிக்கர் சிலர் நாவலை அசைவூட்டப் படமாக்க முன்வந்து திரைக்கதைச் சுருக்கமொன்றை அவரிடம் கையளித்தனர். 1958இல் அதுபற்றி அவர் எழுதிய நெடுங்கடிதம் பின்னர் அச்சில் வந்துள்ளது. சுருக்கத்தின் பிழைகளை அவர் வரிவரியாகச் சாடியது உண்மை. எனினும் அவரது அடிப்படை வாதம் வேறு. கதை சொல்லும் கலையின் விதிகள் ஊடகத்துக்கு ஊடகம் முற்றாக மாறிவிடுவதில்லை. தரங்குறைந்த படங்கள் தோல்வியுறுவது, மூலத்தின் கரு எங்கே உள்ளதென அறியாது மிகைப்படுத்துவதாலும் வேண்டாதவற்றைப் புகுத்துவதாலுமே என்பது அவர் கருத்து. இடம் போதாவிடின் எதனை வெட்டலாம் என்றும் அவரே கூறுகின்றார். ஹெல்ம்ஸ் டீப் கோட்டைப் போர், மரங்களின் மேய்ப்பரான எண்ட் இனத்தாரின் எழுச்சி ஆகிய இரண்டையும் உரிய அளவில் காட்ட முடியாதாயின் கோட்டைப் போரையே விட்டுவிடுங்கள், அது மையக் கதைக்குத் தற்செயலானது என்கிறார்.

ஜாக்சனின் இரண்டாவது படத்தைக் கண்டவர்க்கு நான் மேலே சொல்லவேண்டியதில்லை. நூலாசிரியர் முதலில் வெட்டச் சொன்ன போரே அப்படத்தின் சிகரம். எண்ட் இனத்தாருக்கு நேர்ந்ததோ இது: நூலில் அவர்கள் மூன்று நாள்கள் சபை கூடி, ஆறுதலாக ஆலோசித்து, தம் காட்டை வெட்டியெரிக்கும் சருமனுக்கெதிராகப் போவதெனத் தாமே தீர்மானிக்கின்றனர். படத்திலோ, இது எமது போரன்று என்று கலைந்துவிடுகின்றனர். பின்னர் பிப்பின் என்னும் ஹொபிற் இளைஞன் அவர்களது தலைவனைத் தந்திரமாக வேறு வழியால் நடத்திச் சென்று, வெட்டுண்ட மரங்களைக் காணச் செய்கிறான். தலைவன் சினந்து ஓலமிட, மற்றையோர் திரள்கின்றனர். கூட்டுத் தீர்மானமாக இருந்தது தனியொருவனின் திடீர்க் கோபமாகச் சுருங்கிவிட்டது. “படத்தில் எண்ட் வந்ததா?” என்று கேட்பவருக்கு “வந்தது” என்பதே விடை. பட்டியலில் சரி அடையாளம் இட்டுவிடலாம். இழந்தது என்னவென்பது பட்டியலில் அகப்படாது.

நூற்பற்றாளரின் முறைப்பாடுகள் யாவும் வெறுமையானவை என்று நான் கூறவரவில்லை. பராமிர் பற்றிய முறைப்பாடு நியாயமானது. மோதிரத்தை வழியோரத்தில் கண்டாலும் எடுக்கமாட்டேன் என்னும் மனிதனை, புறொடோவைக் கைதியாக நகருக்கு இழுத்துச் செல்பவனாக மாற்றியபோது, அதிகாரத்தைக் கையில் கிடைத்தும் மறுக்கக்கூடிய ஒரு மனிதன் கதையிலிருந்து மறைந்துபோனான். ஆனால் பொம்படில் இல்லையே என்று இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் புலம்புவோரிடம் எனக்குப் பொறுமை இல்லை. 1978இல் வந்த றால்ப் பக்‌ஷியின் அசைவூட்டப் படமும் அவரை விட்டுவிட்டது, 1981இல் பீ.பீ.சீ. ஒலிபரப்பிய வானொலி நாடகமும் விட்டுவிட்டது. கதை நின்றுவிடவில்லை.

கதையின் உயிர்நாடியையே அறுத்த வெட்டு வேறோரிடத்தில் நிகழ்ந்தது. அதனை விரிவாக நோக்குதல் அவசியம்.

நாவலின் இறுதிக்கு முந்திய அத்தியாயத்தில், மோதிரம் அழிந்து, கொடுங்கோலன் வீழ்ந்து, அரசன் முடிசூடிய பின்னர், நான்கு ஹொபிற்றுகளும் தம் சொந்த ஊராகிய ஷயருக்குத் திரும்புகின்றனர். பாலத்தின் குறுக்கே புதிய வாயிற்கதவு போடப்பட்டிருக்கிறது. சுவரெங்கும் சட்டங்கள் ஒட்டப்பட்டுள்ளன. மதுச்சாலைகள் மூடப்பட்டுவிட்டன. விளைந்த தானியம் ‘பகிர்ந்தளித்தல்’ என்ற பெயரில் சேகரிக்கப்பட்டுப் போனவழி தெரியாது போகின்றது. மரங்கள் வீழ்த்தப்பட்டு, புதிய ஆலையொன்று ஆற்றை அழுக்காக்குகின்றது. இவற்றையெல்லாம் செய்தவன் வெளியாள் மட்டுமல்லன் என்பதே இவ்வத்தியாயத்தின் கூர்மை. லோத்தோ என்னும் உள்ளூர்ப் பணக்காரன் முதலில் நிலங்களையும் ஆலையையும் மதுச்சாலைகளையும் வாங்கிக் குவித்தான். விளைபொருளை வெளியே விற்றான். தன் உடைமையைக் காக்க அடியாட்களைத் தருவித்தான். இறுதியில் அவ்வடியாட்களின் கைதியானான். அவனுக்குப் பின்னாலேயே தோற்றோடிய சருமன் வந்து குந்திக்கொண்டான். ரோல்கீன் மார்க்சியவாதியல்லர், கத்தோலிக்கப் பழைமைவாதி. இருந்தும், ஒரு சிறு உடைமையாளர் சமூகம் எவ்வாறு உள்ளிருந்தே விலைபோகின்றது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய பக்கங்கள் மிகைக்கற்பனை இலக்கியத்தில் அரிது.

ஊரை மீட்க எந்த அரசனும் வரவில்லை, எந்த மந்திரவாதியும் வரவில்லை. திரும்பி வந்த நால்வரும் கொம்பூதி ஊராரை எழுப்ப, கமக்காரரும் கூலிக்காரரும் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு எழுகின்றனர். பைவாட்டர்ப் போரில் பத்தொன்பது ஹொபிற்றுகளும் அடியாட்களில் ஏறத்தாழ எழுபது பேரும் மடிகின்றனர். உலகை இரட்சித்த புறொடோ இப்போரில் வாளை உருவவேயில்லை. சரணடைந்தவரைக் கொல்லாது தடுப்பதே அவன் செய்த பணி. நாவலின் திருத்திய பதிப்புக்கு எழுதிய முன்னுரையில், இவ்வத்தியாயம் பிற்சேர்க்கையன்று, ஆரம்பத்திலிருந்தே திட்டமிடப்பட்ட இன்றியமையாத பகுதி என்று ஆசிரியர் அழுத்தமாகக் கூறியுள்ளார். தம் பால்ய கால நாட்டுப்புறம் தாம் பத்து வயதாகுமுன்னரே அலங்கோலமாக அழிக்கப்பட்டதையும் அங்கேயே நினைவுகூர்கின்றார்.

படத்தில் இவ்வத்தியாயம் முழுமையாக இல்லை. நால்வரும் திரும்புகின்றனர், ஷயர் புறப்பட்டபோது இருந்தவாறே பச்சைப்பசேலென்று கிடக்கின்றது. வேலியோரக் கிழவன் முறைக்கின்றான், மதுச்சாலையில் ஒருவன் பெரிய பூசணிக்காயைத் தாங்கிச் செல்கின்றான், இவர்களை எவரும் கவனிக்கவில்லை. நால்வரும் ஒருவரையொருவர் பார்த்து மௌனமாகக் குடிக்கின்றனர். அந்த மௌனம் நன்றாகவே நடிக்கப்பட்டுள்ளது என்பதை மறுப்பது நேர்மையாகாது. போர் கண்டவனுக்கும் காணாதவனுக்கும் இடையிலான தூரத்தை அது உணர்த்தவே செய்கின்றது. ஆயினும் அத்தூரம் மனத்தின் தூரம் மட்டுமே. நிலம் அப்படியே இருக்கிறது. போர் எங்கோ தொலைவில், கரிய மலைகளுக்கு அப்பால் நடந்து முடிந்துவிட்டது. போர் முடிந்து தன் காணிக்குத் திரும்பியவன் வேலியையும் அறிவித்தற் பலகையையும் எதிர்கொள்ளும் காட்சிக்கு எமது வாசகரிடையே அடிக்குறிப்பு வேண்டியதில்லை. அக்காட்சியே நூலிலிருந்து நீக்கப்பட்டுள்ளது. இதைவிட்டுக் கிளோர்பின்டெலின் குதிரையைப் பற்றி வாதிடுவோரை என்னென்பது!

திரைப்பற்றாளர் இவ்விடத்தில் மந்திரத்தை உச்சரிப்பர். உச்சக்கட்டம் முடிந்தபின் இன்னொரு போரைச் சேர்த்தால் இரசிகன் சலிப்படைவான் என்பர். மூன்று படங்களும் சேர்ந்து ஒன்பது மணித்தியாலத்துக்கு மேல் ஓடுகின்றன. மோதிரம் எரிந்த பின்னரும் மூன்றாவது படம் முடிசூட்டு விழா, பிரிவு, கப்பற் பயணம் என முடிவுக்குமேல் முடிவாக நீள்கின்றது. ஆகவே நேரம் இருந்தது. மேலும், நெறியாளர் அவ்வத்தியாயத்தை அறியாதவருமல்லர். முதலாவது படத்தில் கலாட்ரியேலின் நீர்க்கண்ணாடியில் ஷயர் எரிவதையும் ஹொபிற்றுகள் விலங்கிடப்பட்டுச் செல்வதையும் புறொடோ காண்கிறான். நிகழ்ந்ததாக நூலில் உள்ளது, நிகழக்கூடியதெனப் படத்தில் ஒரு கணம் பயமுறுத்திவிட்டு மறைகின்றது. முடிசூடிய அரசனும் அவனது மக்களும் நான்கு ஹொபிற்றுகளுக்கும் தலைவணங்கும் காட்சி கண்ணில் நீர் வரவழைப்பது. அத்தோடு ஹொபிற்றுகளின் அரசியலும் முடிந்துவிடுகின்றது. அரசனால் கௌரவிக்கப்படுபவர்களாக அவர்கள் ஆகலாம்; தம் ஊரைத் தாமே மீட்பவர்களாக ஆகலாகாது.

எண்ட் சபையையும் ஷயர் எழுச்சியையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வெட்டு எத்திசையில் நிகழ்ந்தது என்பது புலனாகும். சாமானியர் கூடித் தீர்மானித்த இடங்கள் போய், வீரர் மோதும் இடங்கள் பெருத்தன. இது ஒரு நெறியாளரின் தனிப்பட்ட கெடுமதியால் நேர்ந்தது என்று நான் சொல்லவில்லை. உலகெங்கும் ஏறத்தாழ 290 கோடி டொலரை ஈட்டிய பண்டம், எல்லாச் சந்தையிலும் விலைபோக வேண்டுமாயின் எவரது வீட்டு வாசலிலும் போரை நிறுத்தக்கூடாது. அப்பண்டத்தின் தருக்கம் அடுத்த கட்டத்தில் இன்னும் அப்பட்டமாயிற்று. 1937இல் சிறுவர்க்காக எழுதப்பட்ட ‘த ஹொபிற்’ என்னும் ஒரே நூல், 2012 முதல் 2014 வரை மூன்று படங்களாக, ஏறத்தாழ எட்டு மணித்தியாலமாக இழுக்கப்பட்டது. இங்கு நேரம் போதாமை என்ற சமாதானம் எங்கே ஒளிந்தது? ரோல்கீனின் மகன் கிறிஸ்தோபர் 2012இல் பிரெஞ்சு நாளிதழொன்றுக்கு அளித்த பேட்டியில், நூலின் உள்ளீட்டை அகற்றிவிட்டு இளைஞருக்கான சண்டைப் படமாக்கிவிட்டனர் என்று கசந்து கூறினார். அப்படங்களின் தயாரிப்பின்போது, 2010 ஒற்றோபரில், நடிகர் சங்கத்துடன் தகராறு ஏற்பட, அமெரிக்கக் கம்பனி வேறு நாட்டுக்குப் போய்விடும் என்ற அச்சத்தில் நியூசிலாந்துப் பாராளுமன்றம் அவசர அவசரமாகத் தொழிற்சட்டத்தையே திருத்தியது. எழுத்திலான தொழில் ஒப்பந்தம் இல்லாத திரைப்படத் தொழிலாளர் ஊழியராகவன்றிச் சுயாதீன ஒப்பந்தக்காரராகக் கருதப்பட்டனர். லோத்தோவின் ஷயரில் சட்டங்கள் சுவரில் ஒட்டப்பட்ட விதத்தை நினைவூட்டும் இச்செய்தி விசுவாசச் சர்ச்சையில் ஒருவராலும் பொருட்படுத்தப்படவில்லை. படம் நூலுக்கு விசுவாசமா என்று கேட்டவர்கள், ஒரு நாட்டின் சட்டசபை யாருக்கு விசுவாசமாயிற்று என்று கேட்டிருக்கலாம்.

2022இல் அமேசன் நிறுவனம் ‘த றிங்ஸ் ஒவ் பவர்’ தொடரை வெளியிட்டபோது சர்ச்சை தன் கோரமுகத்தைக் காட்டியது. கறுப்பின நடிகர்களும் பிற வெள்ளையரல்லாத நடிகர்களும் எல்வ், ஹொபிற் மூதாதையர் முதலிய பாத்திரங்களை ஏற்றனர் என்பதற்காக, ‘நூலுக்கு விசுவாசம்’ என்ற பதாகையின் கீழ் இரசிகரில் ஒரு பகுதியினர் அவர்கள்மீது நிறவெறியைக் கொட்டினர். நடிகர்கள் கூட்டாக அறிக்கை விட்டுக் கண்டிக்க நேர்ந்தது. இவர்கள் நூலைப் படித்தவர்களா என்பதே ஐயம். மோதிர நாவலின் முன்னுரைப் பகுதியில் ஹொபிற்றுகளின் மூன்று பிரிவினரைப் பற்றிக் கூறும்போது, அவர்களுள் தொகையிற் கூடிய ஹார்புட் பிரிவினர் மற்றவரினும் கபிலநிறத் தோலினர் என்று ரோல்கீன் எழுதியுள்ளார். முதற் பக்கங்களையே புரட்டாத விசுவாசம்!

இதனால் நூல் குற்றமற்றது என்றாகிவிடாது. தெற்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வரும் கருநிற மனிதர் கொடுங்கோலனின் படையில் சேர்ந்து போரிடுவதும், மேற்கின் வெண்ணிறத்தார் நன்மையின் பக்கம் நிற்பதும் ரோல்கீனின் உலகில் ஒரு தீராத வடு. அதை மூடிமறைத்து நூலைப் போற்றுவது விமரிசனமாகாது. ஆயினும், அவ்வடுவை நூலே ஓரிடத்தில் தன் கையால் தொட்டுப் பார்க்கின்றது. பராமிரின் வீரர்கள் தென்னாட்டுப் படையைப் பதுங்கித் தாக்கும்போது, புறொடோவின் தோட்டக்காரனும் ஊழியனுமாகிய சாமின் முன்னால் தென்னாட்டு வீரனொருவன் அம்புபட்டு விழுந்து மடிகின்றான். மனிதர் மனிதரோடு போரிடுவதைச் சாம் காண்பது அதுவே முதற்றடவை. அந்த மனிதனின் பெயர் என்ன, எங்கிருந்து வந்தான், அவன் உள்ளத்தில் மெய்யாகவே கெட்டவனா, எந்தப் பொய்களும் மிரட்டல்களும் அவனை வீட்டிலிருந்து இவ்வளவு தூரம் நடத்திவந்தன, வீட்டிலேயே நிம்மதியாக இருந்துவிட விரும்பியிருக்கமாட்டானா என்று அத்தோட்டக்காரன் தனக்குள் எண்ணுகின்றான். சில வரிகள்தாம். நாவலின் போர்கள் யாவற்றையும் நான் இச்சில வரிகளுக்கு ஈடாகக் கொடுத்துவிடுவேன்.

ஜாக்சனின் இரண்டாவது படத்தில் இந்த எண்ணம் பராமிரின் வாயில் வைக்கப்பட்டுள்ளது. அம்பெய்யக் கட்டளையிட்ட தளபதியே சடலத்தைப் பார்த்து அதனை வாய்விட்டுச் சொல்கிறான். தோட்டக்காரன் கேட்டுக்கொண்டு நிற்கிறான். அதுவும் பின்னர் வீட்டுப் பாவனைக்கு வெளியிட்ட நீட்டிக்கப்பட்ட பதிப்பில்தான். 2002இல் திரையரங்கில் படம் பார்த்தவர்கள், பிரமாண்டமான யானைகளையும் அவற்றின்மேலிருந்து சரியும் மனிதர்களையும் கண்டு வீடு திரும்பினர்.